விழிஞ்ஞக் கரையும் விமானப் பரிசோதனையும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள விழிஞ்ஞம் தமிழர்க்குப் புதிய ஊரன்று. ஆய் வேளிரின் துறைமுகமாக அது விளங்கியது. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் அதன் மீது படையெடுத்தான். அவனுக்குப் பின் சோழர் வந்தனர். சோழர் செப்பேடு ஒன்று, கடலையே அகழியாக உடைய ஊர் என்று அதனை வருணிக்கிறது. பாறையைக் குடைந்து அமைத்த சிறு கோயில் ஒன்று அக்காலத்தின் அடையாளமாக இன்றும் அங்கே இருக்கிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், உலகின் பெருங்கப்பல்கள் வந்து நிற்கத்தக்க துறைமுகம் ஒன்று அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே கரையில் வடக்கே சென்றால், அலைகளுக்கு மிக அருகில் திருவனந்தபுரம் விமான நிலையம். கப்பலும் ஆகாய விமானமும் அடுத்தடுத்துப் போய்வரும் கரை இது.

இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆகாய விமானங்களைக் கட்டாயமாகச் சோதித்துப் பழுது பார்க்கவேண்டும் என்ற சட்டம் வானத்தில் பிறந்ததன்று. கடலில் பிறந்து வானத்திற்கு ஏறியது.

கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். இக்கடற்கரை மீனவர் கட்டுமரத்தைக் கரை சேர்த்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்தும் வழக்கமுடையவர்கள். மறுநாள் மீண்டும் கட்டும்போது ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு கயிறும் அவர்கள் கைவழியே செல்லும். எது இற்றுப்போயிற்று, எது ஊறிக் கனத்துவிட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும். சோதிப்பவனும் அவனே; அதன் மீது ஏறிக் கடலுக்குப் போகிறவனும் அவனே. ஆகவே அங்கே சட்டம் வேண்டியிருக்கவில்லை. கலத்திற்கு உடையவன் கரையிலும், உயிரைப் பணயம் வைப்பவன் கடலிலுமாகப் பிரிந்த பின்னரே சட்டத்திற்கு வேலை வந்தது.

அந்தப் பிரிவு முதன்முதலில் பெரிய அளவில் நேர்ந்த இடங்களுள் இலண்டன் ஒன்று. எட்வர்டு லாயிடு என்பவரின் காப்பிக் கடையில் கூடிவந்த கப்பல் வணிகரும் காப்புறுதிக்காரரும் 1760இல் ஒரு சங்கம் அமைத்தனர். கப்பல்களின் நிலையைத் தரம் பிரித்துக் காட்டும் பதிவுப் புத்தகத்தை 1764இல் வெளியிட்டனர். மாலுமிகளின் உயிரைக் கருதி அவர்கள் இதைச் செய்யவில்லை. எந்தக் கப்பலுக்கு எவ்வளவு பணம் கட்டிக் காப்புறுதி கொடுக்கலாம் என்று அறியவே செய்தனர். காப்புறுதி வந்ததும் ஒரு விபரீதமும் உடன் வந்தது. உளுத்துப்போன கப்பலைக் காப்புறுதி செய்து, அளவுக்கு மேல் சரக்கேற்றி அனுப்பினால், அது கரை சேர்ந்தாலும் லாபம், மூழ்கினாலும் நஷ்டமில்லை என்று கணக்கிட்ட முதலாளிகள் இருந்தனர். இத்தகைய கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே மக்கள் அழைத்தனர். சாமுவேல் பிளிம்சால் என்ற பாராளுமன்ற உறுப்பினர் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். அதன் பயனாக 1876இல் வந்த சட்டம், கப்பலின் பக்கத்தில் சரக்கு அளவைக் காட்டும் கோடு இடவேண்டும் என்றது. பாதுகாப்பற்ற கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் அரசாங்கத்திற்குத் தந்தது. "இது புறப்படக் கூடாது" என்று, கப்பலில் பங்கில்லாத ஒருவர் சொல்ல முடிந்தது.

விமானம் தோன்றியபோது இந்த ஏற்பாடு அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. கப்பலுக்குக் 'கடலோடும் தகுதி' என்று சொல்லிவந்தவர்கள், விமானத்திற்குப் 'பறக்கும் தகுதி' என்று ஒரு சொல்லை அதே அச்சில் வார்த்தனர். முதல் உலகப் போருக்குப் பின் 1919 அக்டோபரில் பாரிஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு விமானமும் பறக்கும் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் 1934இல் விமானச் சட்டமும், 1937இல் அதன் விதிகளும் வந்தன. அந்த 1934ஆம் ஆண்டுச் சட்டம் தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்து, 2025 ஜனவரி முதல் நாள் புதிய சட்டத்திற்கு இடம் கொடுத்தது.

சட்டம் வந்த மறு ஆண்டே திருவாங்கூருக்கு விமானம் வந்தது. மன்னர் குடும்பத்தில் மணம் புரிந்த கோட வர்ம ராஜா எடுத்த முயற்சியால் 1932இல் திருவனந்தபுரத்தில் விமானத் தளம் அமைந்திருந்தது. 1935இல் டாட்டா கம்பெனியின் சிறு விமானம் பம்பாயிலிருந்து தபாலுடன் வந்து இறங்கியது. ஃபாக்ஸ் மாத் என்ற அந்த விமானத்தின் உடல் ஒட்டுப்பலகை; இரட்டைச் சிறகுகள் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. அதைச் சோதிப்பதற்குக் கண்ணும் கையும் பெரும்பாலும் போதும். துணியைத் தட்டிப் பார்க்கலாம், கம்பியை இழுத்துப் பார்க்கலாம், மரம் ஊறியிருந்தால் முகர்ந்தே அறியலாம். கட்டுமரக்காரனின் முறைக்கும் அதற்கும் வெகுதூரமில்லை.

உலோக விமானமும், அதன் பின் ஜெட் விமானமும் வந்தபோதுதான் கண்ணுக்குத் தெரியாத குற்றம் என்ற ஒன்று புகுந்தது. இதில் கல்கத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1953 மே 2ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் செல்லும் வழியில் டம்டம் நிலையத்தைவிட்டுக் கிளம்பிய 'காமெட்' என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானம், சில நிமிஷங்களிலேயே புயல்மழைக்கிடையே வானத்தில் சிதறியது. 43 பேர் மாண்டனர். கடுஞ்சூறாவளியில் சிக்கி உடல் சிதைந்தது என்று விசாரணை முடிவு செய்தது. மற்ற காமெட்டுகள் பறந்துகொண்டுதான் இருந்தன. 1954 ஜனவரி 10இல் இத்தாலியின் எல்பாத் தீவுக்கு அருகே மற்றொன்று சிதறியது. இம்முறை புயல் இல்லை. விமானங்களைக் கம்பெனியே நிறுத்திவைத்துப் பல மாற்றங்கள் செய்து, மார்ச்சு மாதத்தில் மீண்டும் பறக்கவிட்டது. உண்மைக் காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் பலப்படுத்தினார்கள், அவ்வளவே. ஏப்ரல் 8இல் நேப்பிள்சுக்குத் தெற்கே மூன்றாவது விமானம் கடலில் விழுந்தது. அதன் பிறகே சான்றிதழ் பறிக்கப்பட்டது.

அப்போது ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் செய்த சோதனை மிக எளிய எண்ணத்தின் மீது எழுந்தது. உயரே செல்லும்போது பிரயாணிகள் மூச்சுவிடுவதற்காக விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது, இறங்கும்போது குறைகிறது. ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் பலூன் போல் மிகச் சிறிதளவு விம்மித் தளர்கிறது. ஒரு தகரத்துண்டை மடித்து மடித்து நிமிர்த்தினால் என்ன ஆகும் என்பது சிறுவர்க்கும் தெரியும். ஒரு முழுக் காமெட்டைப் பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே நீரை நிரப்பி அழுத்தி விடுவித்து, பயணம் பயணமாக நடித்துக் காட்டினார்கள். உண்மையாகப் பறந்ததும் தொட்டியில் நடித்ததுமாக 3,057 பயணங்கள் ஆனபோது, சாளரத்தின் மூலையிலிருந்து வெடிப்பு ஓடி உடல் பிளந்தது. உலோகம் களைத்துப்போகும் என்பதைப் பொறியியலார் முன்பே அறிவர். எத்தனை விரைவில் களைத்துப்போகும் என்பதை அறிந்தது அந்தத் தொட்டியில்தான். விமானத்தின் வயதை ஆண்டுகளால் மட்டுமன்றி, ஏறி இறங்கிய எண்ணிக்கையாலும் கணக்கிடவேண்டும் என்ற விதி அதனால் வலுப்பெற்றது.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சிறிது சொல்லவேண்டும். ஒவ்வொரு பயணத்திற்கு முன்பும் விமானி ஒருமுறை விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கிறார். சில நூறு மணி நேரம் பறந்ததும் ஓரிரவுச் சோதனை. ஏறத்தாழ ஒன்றரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பல நாட்கள் கொட்டகையில் நிறுத்திச் செய்யும் பெருஞ்சோதனை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, இருக்கைகளையும் உட்சுவர்களையும் கழற்றி எலும்புக்கூடு தெரியும்வரை பிரிக்கும் சோதனை. சாயத்தைத் தடவி வெடிப்பைக் காட்டச் செய்வது, மின்னோட்டத்தாலும் செவிக்கெட்டா ஒலியாலும் உலோகத்தின் உள்ளே பார்ப்பது ஆகிய முறைகள் உண்டு. ஒவ்வொரு பாகத்திற்கும் பிறப்பு முதல் எழுதப்பட்ட குறிப்பு உண்டு. இறுதியில், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்டால்தான் விமானம் கொட்டகையைவிட்டு வெளியே வரலாம். நிறுவனத்தின் தலைவரே வந்து நின்றாலும், உரிமம் இல்லையேல் அவர் கையெழுத்து அங்கே செல்லாது. பிளிம்சால் கேட்டதும் இதைத்தான்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு இத்தொழில் நெருங்கிய தொழில். பெங்களூரில் 1940இல் வால்சந்து ஹீராசந்து தொடங்கிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நேசநாட்டு விமானங்களைப் பழுது பார்க்கும் பெரும் பட்டறையாக மாறியது. நீரிலும் இறங்கவல்ல காட்டலினா விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கிப் பழுது தீர்த்துக்கொண்டு சென்றன. குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் படித்தவர்கள் அந்தத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குச் சென்றனர். இராமேசுவரத்து அப்துல் கலாம் அங்கே விமான எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பயிற்சி பெற்றவர். அவர் பின்னால் தும்பாவுக்கு வந்து ராக்கெட்டு விட்டது எல்லோருக்கும் தெரியும். எண்ணெய்க் கையுடன் எஞ்சினைப் பிரித்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பழுது பார்ப்பது என்றால் குறை தீர்ந்துவிட்டது என்று எண்ணுகிறோம். பழுது பார்த்த இடமே குறையாவதும் உண்டு. 1978 ஜூன் மாதத்தில் ஜப்பானின் ஒசாகா நிலையத்தில் இறங்கிய போயிங் 747 ஒன்றின் வால் தரையில் உரசியது. வாலுக்கு அருகே காற்றழுத்தத்தைத் தாங்கும் தடுப்புச் சுவர் சேதமடைந்தது. விமானத்தைச் செய்த நிறுவனத்தின் ஆட்களே அதைச் செப்பனிட்டனர். ஒரே தகடாக இடவேண்டிய இணைப்பு இரண்டு துண்டாக இடப்பட்டது. இரண்டு வரிசைத் தறையாணிகள் தாங்கவேண்டிய சுமை ஒரே வரிசை மீது விழுந்தது. மேலே தகடு மூடியிருந்ததால் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஏழாண்டுகள், 12,318 பயணங்கள் அந்த விமானம் பறந்தது. 1985 ஆகஸ்டு 12இல் அச்சுவர் வெடித்தது. 524 பேரில் 520 பேர் மாண்டனர். தனி விமானம் ஒன்றில் நேர்ந்த விபத்துகளில் இதைவிடப் பெரியது இல்லை.

இனி உப்புக் காற்றின் செய்தி. விழிஞ்ஞத்தில் படகு வைத்திருக்கும் எவரையும் கேளுங்கள். எந்த ஆணியை எத்தனை மாதத்தில் கடற்காற்று தின்னும் என்று அவர் சொல்வார். அலுமினியத்திற்கும் அதே பகைதான். ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்துவந்த அலோஹா கம்பெனியின் போயிங் 737 ஒன்று, தீவு விட்டுத் தீவு தாவும் குறுகிய பயணங்களால் 19 ஆண்டுகளில் 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. 1988 ஏப்ரல் 28இல் வானத்தில் அதன் கூரையில் 5 மீட்டருக்கு மேற்பட்ட பகுதி பிய்ந்து பறந்துபோயிற்று. 95 பேர் இருந்த விமானத்தை விமானிகள் எப்படியோ தரையிறக்கிவிட்டனர். பணிப்பெண் ஒருவர் மட்டும் இறந்தார். ஏறும்போதே வெளிப்புறத்தில் ஒரு வெடிப்பைக் கண்டதாகப் பிரயாணி ஒருவர் பின்னால் சொன்னார். அவர் அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணையில் வெளிவந்த மற்றொரு செய்தியே நாம் நோக்க வேண்டியது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எல்லா இணைப்புகளையும் சோதிக்கும்படி விமானம் செய்த நிறுவனம் யோசனை கூறியிருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் 1987ஆம் ஆண்டுக் கட்டளையோ அவற்றுள் ஒரு பகுதியைச் சோதித்தால் போதும் என்று சுருக்கிவிட்டது. யோசனை பெரிது, கட்டாயம் சிறிது. கட்டாயமானது எதுவோ அதைச் செய்தார்கள். அதையும் செம்மையாகச் செய்யவில்லை என்று விசாரணையாளர் கண்டனர்.

யோசனைக்கும் கட்டளைக்கும் உள்ள இந்த இடைவெளி நம் நாட்டிலும் அண்மையில் பேசப்பட்டது. 2025 ஜூன் 12இல் ஆமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 விமானம் கிளம்பிய சில விநாடிகளில் விழுந்து, தரையிலிருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் உயிரிழந்தனர். எரிபொருளைத் திறந்து மூடும் இரு விசைகளும் அடுத்தடுத்து மூடும் நிலைக்கு மாறின என்று ஜூலை 12இல் வந்த முதனிலை அறிக்கை கூறியது. அது எப்படி நேர்ந்தது என்று அவ்வறிக்கை முடிவு கூறவில்லை, நாமும் கூறலாகாது. ஆனால் அதில் ஒரு குறிப்பு உண்டு. அவ்வகை விசைகளின் பூட்டு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும்படி அமெரிக்க விமானத்துறை 2018 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. அது யோசனையே அன்றிக் கட்டளை அன்று. ஆகையால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை என்று கம்பெனி கூறியிருந்தது. ஜூலை 14இல் நம் விமானத்துறை, ஒரு வார காலத்துக்குள் அந்தச் சோதனையைச் செய்து முடிக்கவேண்டும் என்று கட்டளை இட்டது. யோசனையாக ஆறரை ஆண்டுகள் இருந்த வேலை, கட்டளையானதும் ஒரு வாரத்தில் முடிந்தது. தன் விமானங்களில் குறை ஒன்றும் காணவில்லை என்று கம்பெனி அறிவித்தது. இருந்திருந்தால் அப்போதுதான் தெரிந்திருக்கும்.

அந்த நாட்களில் விழிஞ்ஞத்தின் பக்கமும் அமைதியாக இல்லை. துறைமுகம் திறந்து நான்கு வாரம் ஆவதற்குள், அங்கிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற 28 ஆண்டு வயதான சரக்குக் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, மே 25இல் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். 640 பெட்டிகளும் எண்ணெயும் கடலோடு போயின. மீனவர்கள் வலையை எடுத்துவைத்துவிட்டுக் கரையில் காத்திருந்தனர். கப்பலின் சமநிலைக்காக நிரப்பும் நீரைக் கையாண்டதில் ஏற்பட்ட கோளாறே காரணமாகலாம் என்று முதலில் சொல்லப்பட்டது. கேரள அரசாங்கம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்ற ஆணைப்படி அந்நிறுவனத்தைச் சேர்ந்த மற்றொரு கப்பல் விழிஞ்ஞத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

எல்சா மூழ்கி மூன்று வாரம் கழிவதற்குள், ஜூன் 14 இரவு, திருவனந்தபுரம் நிலையத்தில் எதிர்பாராத விருந்தாளி ஒன்று இறங்கியது. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி போர்விமானம், மோசமான வானிலையால் கப்பலுக்குத் திரும்ப இயலாமல், எரிபொருள் குறைந்த நிலையில் அங்கே வந்து சேர்ந்தது. திரும்பிச் செல்ல ஆயத்தமானபோது அதன் நீரியல் அமைப்பில் கோளாறு தெரிந்தது. உலகின் மிக விலையுயர்ந்த போர்விமானங்களில் ஒன்று, தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டு, காவலர் சூழ, திறந்தவெளியில் நின்றது. கொட்டகை தருகிறோம் என்று இந்தியத் தரப்பு சொன்னதை அவர்கள் முதலில் ஏற்கவில்லை. கேரளச் சுற்றுலாத் துறை, ஊரைவிட்டுப் போக மனமில்லாத விருந்தாளி என்று அதை வைத்து விளம்பரமும் செய்துவிட்டது.

சிரிப்புக்கு இடமிருந்தாலும், அங்கே நடந்தது சரியான காரியம். கப்பலிலிருந்து வந்த ஆட்களால் கோளாற்றைத் தீர்க்க முடியவில்லை. எப்படியாவது பறந்து கப்பலுக்குப் போய்விடலாம் என்று ஒருவரும் துணியவில்லை. ஜூலை 6இல் பிரிட்டனிலிருந்து பெரிய சரக்கு விமானம் ஒன்றில் பொறியாளர்கள் தங்கள் கருவிகளுடன் வந்தனர். போர்விமானம் ஏர் இந்தியாவின் பராமரிப்புக் கொட்டகைக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. மேலும் இரண்டு வாரத்திற்கு மேல் வேலை நடந்தது. 38 நாட்கள் தரையில் இருந்தபின், ஜூலை 22 காலை, கையெழுத்துகள் எல்லாம் ஆனதும், அது கடலின் மேலாக எழும்பி ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை நோக்கிச் சென்றது.